"இன்அப்ரோப்ரியேட்" என்றால் "தகாத" தானா? ஒரு நோட்டீஸால் வந்த வினை

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொன்னால்தான் என் சந்தேகம் புரியும்.

என் பையன் படிக்கும் பள்ளியில் நோட்டீஸ் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். பெற்றோரில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள், மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிறவர்கள். இங்கிலீஷ் வந்தாலே போனை யாரிடமாவது நீட்டி "இதுல என்ன போட்டிருக்கு" என்று கேட்பார்கள். அதனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு நோட்டீஸையும் நான் தமிழில் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, நானாக எடுத்துக்கொண்ட வேலை.

போன மாதம் விளையாட்டு விழா ஒத்திகை நடந்தது. மறுநாள் நோட்டீஸ் வந்தது. சில பிள்ளைகள் "இன்அப்ரோப்ரியேட்" உடையிலும் காலணியிலும் வந்திருந்தார்கள், இனி அப்படி அனுப்ப வேண்டாம் என்று இரண்டே வரி. போனில் இருக்கும் அகராதியில் பார்த்தேன், "தகாத, பொருத்தமற்ற" என்று இருந்தது. முதலில் இருந்ததை எடுத்து "மாணவ மாணவியர் சிலர் தகாத உடையணிந்து வந்திருந்தனர்" என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு பிள்ளையின் அப்பா போன் செய்தார். "எம்பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவ என்ன தகாத துணி போட்டுட்டு வந்தாளாம், எவன் பாத்தான், சொல்லுங்க" என்று குரல் நடுங்கக் கேட்டார். அந்தப் பெண் அன்று சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலிருந்து நேராகப் பட்டுப்பாவாடையோடு வந்திருந்தாள். ஓடும்போது பாவாடை தடுக்கிவிடும், ஷூ போடாமல் செருப்போடு ஓடினால் கால் பிசகும், பள்ளி சொன்னது அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் அழுதிருக்கிறாள். நான் அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

என் கேள்வி இதுதான். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? இதே சொல்லை "இன்அப்ரோப்ரியேட் லாங்குவேஜ்" என்று கெட்ட வார்த்தைக்கும் சொல்கிறார்கள், சினிமாவுக்கும் சொல்கிறார்கள், என் மாமியாரின் ஆஸ்பத்திரி சீட்டில்கூட ஒரு தடவை பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே பொருள்தானா? தமிழில் எதை எழுதினால் யார் மனமும் நோகாமல் விஷயம் போய்ச் சேரும்?

*

தறிச்சத்தம் எழுதியது:

அக்கா, "பொருத்தமற்ற" என்று போட்டிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. அகராதியில் இரண்டாவதாக இருந்ததுதான் சரி. இனி எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

*

சாக்பீஸ்தூள் எழுதியது:

26 வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் இதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். தறிச்சத்தம் தம்பி சொல்வது பாதிதான் சரி. எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் போட முடியாது, காரணம் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. பெயருக்கு முன்னால் வரும் அடைமொழியாக இருக்கும்போது கடைசி அசை "யேட்" அல்ல, தேய்ந்து "யட்" என்று முடியும். அப்ரோப்ரியட், இன்அப்ரோப்ரியட். "அப்ரோப்ரியேட்" என்று நீட்டினால் அது வினைச்சொல். ஒன்றை எடுத்துத் தனதாக்கிக்கொள்வது, ஒரு காரியத்துக்கென்று பணம் ஒதுக்குவது என்று பொருள் மாறிவிடும். பணம் கையாடினால் "மிஸ்அப்ரோப்ரியேஷன்" என்று பேப்பரில் வருகிறதே, அது அந்த வினையிலிருந்து வந்ததுதான்.

இரண்டுக்கும் வேர் லத்தீனில் "ப்ரோப்ரியஸ்". "சொந்தமான, தனக்கே உரிய" என்று பொருள். "ப்ராபர்", "ப்ராபர்ட்டி" எல்லாம் அதே குடும்பம். இங்கேதான் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் வரும். தமிழில் "உரிய" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்கு உரிய நிலம்" என்றால் சொந்தம். "உரிய நேரத்தில் வந்தான்" என்றால் பொருத்தம். சொந்தமும் பொருத்தமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன, லத்தீனிலும் அப்படித்தான். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. ஆக இன்அப்ரோப்ரியட் என்றால் வேர்ப்பொருளில் "அந்த இடத்துக்கு உரியது அல்ல". அந்தப் பொருளில் கெட்டது என்றோ அசிங்கம் என்றோ எதுவும் இல்லை. பட்டுப்பாவாடை கோயிலுக்கு உரியது, ஓட்டப்பந்தயத்துக்கு உரியதல்ல. அவ்வளவுதான்.

பிறகு எப்படி அசிங்கம் வந்து ஒட்டிக்கொண்டது என்றால், இந்தச் சொல்லுக்குப் பின்னால் "எதற்கு" அல்லது "யாருக்கு" என்று ஒன்று வர வேண்டும். இங்கிலீஷில் "ஃபார்" போட்டோ "டு" போட்டோ சொல்வார்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, இந்தச் சந்தர்ப்பத்துக்கு ஏற்றதல்ல, இந்த வேலைக்கு ஏற்றதல்ல என்று. அது இருக்கும் வரை சொல் நடுநிலையாக நிற்கும். அதை விட்டுவிட்டு வெறுமனே "இன்அப்ரோப்ரியட் பிஹேவியர்", "இன்அப்ரோப்ரியட் டச்" என்று சொல்லும்போது எந்த இடத்துக்கும் எந்த ஆளுக்கும் பொருந்தாது என்று ஆகிவிடுகிறது. எங்குமே பொருந்தாதது என்றால் அது தப்பு என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் கண்டிக்கும் தொனி ஏறுகிறது. உங்கள் பள்ளி நோட்டீஸில் "விளையாட்டுக்கு" என்ற ஒரே சொல் விட்டுப்போனதுதான் கோளாறு. தவறு உங்களுடையது மட்டும் அல்ல சகோதரி, அந்த நோட்டீஸை எழுதியவருடையதும்கூட.

இன்னொன்று. இந்தச் சொல்லைப் பெரும்பாலும் செயலுக்கும் பேச்சுக்கும் பொருளுக்கும்தான் போடுவார்கள். இந்த வேலைக்கு இந்த ஆள் சரிப்பட மாட்டார் என்று சொல்ல "அன்சூட்டபிள்" வேண்டும். உடம்போ திறமையோ போதாது என்றால் "அன்ஃபிட்". விதிப்படி தகுதியே இல்லை என்றால் "இன்எலிஜிபிள்". வேலைக்கு மனுப்போட்ட ஒருவரை இன்அப்ரோப்ரியட் என்று எழுதினால் படிப்பவருக்கு அந்த ஆளின் நடத்தையில்தான் சந்தேகம் வரும். என் மாணவன் ஒருவன் நேர்முகத் தேர்வுக் கடிதத்தில் தன்னைப் பற்றியே "முந்தைய வேலைக்கு நான் இன்அப்ரோப்ரியட்டாக இருந்தேன்" என்று எழுதிக்கொண்டு வந்தான். நல்ல வேளை, அனுப்புவதற்கு முன் காட்டினான்.

"இனெப்ட்" என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் லத்தீனில் "பொருத்தமில்லாத" என்ற பொருளில் பிறந்ததுதான். ஆனால் இன்று அதற்குக் கையாலாகாத, வேலை தெரியாத என்றுதான் பொருள். பொருந்தவில்லை என்ற அர்த்தத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

*

ராத்திரிட்யூட்டி எழுதியது:

சாக்பீஸ்தூள் ஐயா சொன்ன "எதற்கு" என்பதை அப்படியே எங்கள் வேலையில் பார்க்கலாம். நான் செவிலியர், மருத்துவ வார்டில் 11 வருடம்.

பவானிக்கரை அக்காவின் மாமியார் சீட்டில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் வார்டில் இந்தச் சொல் அடிக்கடி வரும் நோய்ப்பெயர் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக எஸ்ஐஏடிஎச் என்போம். அதில் வரும் "ஐ" இந்த இன்அப்ரோப்ரியட்தான். உடம்பில் தண்ணீர் குறைந்தால், "சிறுநீரில் தண்ணீரை விட்டுவிடாதே, பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்குச் சொல்ல ஒரு ஹார்மோன் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும். வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறதே, அதற்கு அந்த ஹார்மோன்தான் காரணம். அப்போது அது சுரப்பது சரி. ஆனால் இந்தக் கோளாறில், ரத்தம் ஏற்கெனவே நீர்த்துப்போய் இருக்கும்போதும் அது சுரந்துகொண்டே இருக்கும். தண்ணீர் சேரச் சேர ரத்தத்தில் சோடியம் இறங்கும். 135க்கு மேல் இருக்க வேண்டியது 120, 115 என்று போகும், ஆள் குழம்பிப் பேசுவார், சில பேருக்கு வலிப்பு வரும். 1957ல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலிய டாக்டர்கள் நுரையீரல் புற்றுநோய் வந்த இரண்டு நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள்.

இங்கே இன்அப்ரோப்ரியட் என்றால் ஹார்மோன் கெட்டது என்று அர்த்தம் இல்லை. அதே ஹார்மோன்தான், தேவை இல்லாத நேரத்தில் சுரக்கிறது. "நேரங்கெட்ட" என்று சொல்வோமே, அதற்குக் கிட்டத்தில் வரும். இதயத்துடிப்பிலும் இப்படி ஒரு பெயர் உண்டு. ஓடினால் துடிப்பு 100ஐத் தாண்டுவது சரி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வேறு காரணம் எதுவும் இல்லாமல் தாண்டினால் அது இன்அப்ரோப்ரியட்.

ஒரு பெரியவரை இந்த சோடியம் பிரச்சினைக்காகச் சேர்த்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாள் அவர் மகள் சீட்டைப் படித்துவிட்டு என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "சிஸ்டர், அப்பா வார்டுல யார்கிட்டயாவது தப்பா நடந்துகிட்டாரா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா குழம்பிப்போய் இருந்த இரண்டு நாளில் ஏதோ செய்துவிட்டார், அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவரை உட்கார வைத்து, குழாயைத் திருகி மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் இருப்பது போல என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து அந்த நோய்ப்பெயர் வரும் சீட்டை நானே வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன்.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதையும் இன்அப்ரோப்ரியட் யூஸ் என்றுதான் எழுதுகிறார்கள். அந்த மருந்து பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸிடம் வேலை செய்யாது. மருந்து நல்ல மருந்துதான், நோய்தான் வேறு. இதைத் "தகாத பயன்பாடு" என்றால் ஏதோ போதைக்காகச் சாப்பிட்ட மாதிரி கேட்கும். "தேவையில்லாத இடத்தில் பயன்படுத்துவது" என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

*

மூன்றாம்மாடி எழுதியது:

நான் இதற்கு நேர் எதிரான ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே எல்லோரும் இந்தச் சொல் அனாவசியமாகக் கடுமையாகப் புரிந்துகொள்ளப்படுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அனாவசியமாக மென்மையாக்குவதற்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், நான் அதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கான உள் புகார்க் குழுவில் இருக்கிறேன். புகார் பற்றிய எதையும் வெளியே பேசக் கூடாது என்று, வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவே சொல்கிறது, அதனால் யார் விவரமும் எழுதப்போவதில்லை. பொதுவாக ஒன்று சொல்கிறேன். விசாரணை என்று வந்தால் எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கும் விளக்கத்தில் "என் நடத்தை ஒருவேளை இன்அப்ரோப்ரியட்டாகத் தோன்றியிருக்கலாம்" என்பது போன்ற ஒரு வரி இருப்பது சகஜம். அந்தச் சொல்லுக்குள் என்ன நடந்தது என்பது எதுவும் இல்லை. கையைப் பிடித்தாரா, ராத்திரி மெசேஜ் அனுப்பினாரா, உடம்பைப் பற்றிப் பேசினாரா, எல்லாவற்றையும் ஒரு போர்வை போட்டு மூடிவிடலாம். "இடம் தெரியாமல் ஜோக் அடித்துவிட்டேன்" என்ற அளவுக்குக் குற்றம் சுருங்கிவிடும்.

அந்தச் சட்டத்தின் வரையறையை எடுத்துப் படித்தால், அங்கே மையமாக நிற்கும் சொல் "அன்வெல்கம்". எதிரே இருப்பவர் விரும்பாத தொடுதல், விரும்பாத பேச்சு, விரும்பாத செய்கை. 1997ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தந்த தீர்ப்பிலேயே அந்தச் சொல்தான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இன்அப்ரோப்ரியட்டா இல்லையா என்பதை யாரும் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லலாம், "எங்க காலத்துல இதெல்லாம் சாதாரணம்" என்று ஒரு மேலதிகாரி சொல்லிவிட்டுப் போகலாம். அன்வெல்கம் என்றால் அந்தப் பெண் விரும்பினாளா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். தமிழில் இதை "விரும்பத்தகாத" என்று எழுதுகிறோம். பாருங்கள், அதிலும் "தகாத" இருக்கிறது. ஆனால் முன்னால் "விரும்ப" இருப்பதால் யார் விருப்பம் என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது.

கிளின்டன் விஷயம் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க அதிபராக இருந்த அவர் தொலைக்காட்சியில் பேசும்போது, தன் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணோடு இருந்த உறவு "நாட் அப்ரோப்ரியட்" என்றார். உடனே அடுத்த வரியில், சொல்லப்போனால் அது தவறு என்றும் சொன்னார். முதல் சொல் போதாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அன்றைக்கே விசாரணை நடுவர் குழு முன் வாசித்த அறிக்கையிலும் "இன்அப்ரோப்ரியட்" வருகிறது. அங்கே அந்தச் சொல்லைப் போட்டு, விவரத்துக்குள் போகாமல் நிறுத்திக்கொண்டார்.

அதனால் அக்கா, பள்ளியிலிருந்து எப்போதாவது குழந்தையிடம் யாரோ "இன்அப்ரோப்ரியட்டாக" நடந்துகொண்டார் என்று நோட்டீஸ் வந்தால் தயவு செய்து "பொருத்தமற்ற" என்று மொழிபெயர்க்காதீர்கள். அங்கே பொருத்தம் என்ற பேச்சே இல்லை. என்ன நடந்தது என்று பள்ளியிடம் கேட்டு, குழந்தையின் அடையாளம் வெளியே தெரியாத அளவுக்கு அதை நேராக எழுதுங்கள். 1098 எண்ணையும் கீழே போடுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

*

தறிச்சத்தம் எழுதியது:

சரி, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். "பொருத்தமற்ற" எல்லா இடத்துக்கும் போதாது என்று இப்போது புரிகிறது. ஆனால் "தகாத" என்பதை இனிமேல் எழுதவே கூடாது என்றுதான் நினைக்கிறேன். தினமும் பேப்பரில் "தகாத உறவு" என்று கொலைச் செய்தி போட்டுப் போட்டு அந்தச் சொல்லே கறைபட்டுவிட்டது. எங்கள் தெருவில் அதைக் கேட்டால் வேறு எந்த அர்த்தமும் தோன்றாது.

*

தாமிரபரணி எழுதியது:

தம்பி, கறை பட்டது உண்மை. அதற்காக வீட்டை விட்டே அனுப்பிவிடலாமா? "தகு" என்பது நம்மிடம் இருக்கும் நல்ல வேர்ச்சொற்களில் ஒன்று. தகுதி, தகவு, தக்க, தகைமை எல்லாம் அதில்தான் கிளைக்கின்றன. வள்ளுவர் 466ஆம் குறளில்,

செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க
செய்யாமை யானுங் கெடும்

என்கிறார். செய்யத் தகாததைச் செய்தாலும் கெடுவான், செய்யத் தக்கதைச் செய்யாமல் விட்டாலும் கெடுவான். இது தெரிந்து செயல்வகை அதிகாரத்தில் வருகிறது, அரசன் காரியத்தை ஆராய்ந்து செய்வது பற்றிய அதிகாரம். இங்கே "தக்க அல்ல" என்பதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? அந்த வேளைக்கு, அந்த வினைக்கு ஏற்றதல்ல என்ற பொருள்தான்.

இன்னும் சொல்கிறேன். எந்தச் சொல் எங்கே பேசத் தக்கது என்பதற்குத் தமிழ் இலக்கணத்தில் தனியாக ஒரு வகையே வைத்திருக்கிறார்கள். தகுதி வழக்கு என்று பெயர். இயல்பு வழக்கு ஒரு பக்கம், தகுதி வழக்கு ஒரு பக்கம். நன்னூல் அதை முத்தகுதி என்று மூன்றாகச் சொல்லும். அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொன்னால் இடக்கரடக்கல், "கால் கழுவி வந்தேன்" என்பது போல. அமங்கலத்தை மங்கலமாகச் சொன்னால் மங்கலம், சுடுகாட்டை நன்காடு என்பது போல. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசினால் குழூஉக்குறி, தட்டார் பொன்னைப் "பறி" என்பதைத்தான் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் இதை இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். "இன்அப்ரோப்ரியட் லாங்குவேஜ்" என்று இன்று சொல்வதற்கு மறுபக்கமாக, எது அப்ரோப்ரியட் என்று நம் ஆட்கள் எழுதி வைத்தது இதுதானே. தொல்காப்பியத்தில் "அவையல் கிளவி" என்று ஒரு தொடர் உண்டு, அவையில் சொல்லத் தகாத சொல். கெட்ட வார்த்தைக்கு இதைவிட நாகரிகமான பெயரை நான் பார்த்ததில்லை.

பேச்சிலும் நம்மிடம் அருமையான தொடர் இருக்கிறது. "இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசு" என்று என் ஆச்சி ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்வாள். சாவு வீட்டில் போய் நிலத்தகராறு பேசியவனை "எடம் பொருள் தெரியாத பய" என்பாள். அவன் பேசியதில் பொய் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை, நேரமும் இடமும்தான் தப்பு. சாக்பீஸ்தூள் ஐயா "எதற்கு, யாருக்கு" என்று கேட்கச் சொன்னது அந்த மூன்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பவானிக்கரை அம்மா கேட்டதற்கு வருகிறேன். ஒரே சொல்லைத் தேட வேண்டாம். இரண்டு பொருள் ஒன்றோடொன்று சேரவில்லை என்றால் "பொருந்தாத" சரி. பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்றார்களே, அதே சொல். உடம்புக்கு, மனதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் "ஒவ்வாத". விதிக்கும் ஒழுங்குக்கும் மாறாகச் செய்தது என்றால் "முறையற்ற". ஆளுக்கு என்றால் "தகுதியற்ற", ஆனால் அது மனதை வெட்டும், யோசித்துப் போட வேண்டும். சந்தர்ப்பத்துக்கு என்றால் "ஏற்றதல்ல", "உகந்ததல்ல". இந்த இரண்டுக்கும் உள்ள பெரிய வசதி, முன்னால் "கு" என்ற நான்காம் வேற்றுமை இல்லாமல் வாக்கியம் நிற்காது. "ஏற்றதல்ல" என்று மட்டும் எழுதிப் பாருங்கள், படிப்பவர் உடனே "எதுக்கு?" என்பார். அதனால் நீங்களே மறந்தாலும் மொழி உங்களை எழுத வைத்துவிடும்.

*

தறிச்சத்தம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது, குறளும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டாவது படிக்கும் பெண்ணின் அப்பாவுக்குக் குறளில் என்ன பொருள் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சொல் இன்றைக்கு எப்படிக் காதில் விழுகிறதோ அதுதான் அதன் பொருள். என் அம்மாவுக்கு "தகாத" என்றால் ஒன்றே ஒன்றுதான். மீட்டெடுப்பதை இலக்கியம் எழுதுகிறவர்கள் செய்யட்டும், நோட்டீஸில் வேண்டாம்.

*

தாமிரபரணி எழுதியது:

நோட்டீஸைப் பொறுத்தவரை நீ சொல்வது சரிதான் தம்பி, அதில் நான் வாதாடவில்லை. உடையோடு சேர்த்து "தகாத" எழுதக் கூடாது. வேறு இடங்களில் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

*

சாக்பீஸ்தூள் எழுதியது:

சினிமாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். அங்கே இப்போது "யாருக்கு" என்பதை எண்ணாகவே போட்டுவிட்டார்கள். முன்பு "யுஏ" என்று ஒன்றுதான் இருந்தது, 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்து முடிவு செய்யலாம் என்று. 2023ல் சட்டத்தைத் திருத்தி அதை 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு படம் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று வீட்டில் யோசியுங்கள் என்றால் அந்தப் படம் கேவலமான படம் என்று ஆகாது. சாவைப் பற்றி, போரைப் பற்றிப் பேசும் நல்ல படமாகவும் இருக்கலாம். அங்கே "வயதுக்கு ஏற்றதல்ல" என்று எழுதுங்கள், போதும்.

*

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி பையன் தூங்கிய பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ராத்திரிட்யூட்டி சிஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு மாமியாரின் பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், அந்த சோடியம் விஷயமேதான். அப்போது தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள், ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காதே என்கிறார்களே என்று வீட்டில் எல்லோரும் டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம். இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

அந்த நோட்டீஸைத் திருத்தி இன்று காலை குழுவில் மறுபடி போட்டேன். இப்படி எழுதினேன்:

"விளையாட்டு விழா ஒத்திகைக்குச் சில பிள்ளைகள் நீளப் பாவாடை, செருப்பு என்று ஓடுவதற்கு வசதியில்லாத உடையில் வந்திருந்தார்கள். தடுக்கி விழுந்து அடிபடாமல் இருக்க, அடுத்த முறை விளையாட்டுச் சீருடையும் ஷூவும் போட்டு அனுப்புங்கள். சென்ற மாதம் நான் எழுதியதில் ஒரு சொல் தவறாக இருந்தது. பள்ளி அப்படிச் சொல்லவில்லை, தவறு என்னுடையது."

இங்கிலீஷில் இருந்த அந்தச் சொல்லுக்கு நேராகத் தமிழில் ஒரு சொல்லும் போடவில்லை, கவனித்தீர்களா? சாக்பீஸ்தூள் ஐயா சொன்னபடி "எதற்கு" என்று எழுத ஆரம்பித்ததும் அதற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் அப்பா குழுவில் கைகூப்பும் படம் போட்டார். அவர் குழுவில் எதுவும் போடுகிறவர் இல்லை.

மூன்றாம்மாடி எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அப்படி ஒரு நோட்டீஸ் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன், வந்தால் நானாக எழுதாமல் தலைமையாசிரியரிடம் போய் நின்று என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

இன்னொரு சின்ன சந்தேகம், நேரம் இருப்பவர்கள் சொல்லுங்கள். அதே பள்ளியில் சாப்பாட்டு டப்பா பற்றி ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. சிப்ஸ், பாக்கெட் ஜூஸ் எல்லாம் "அன்சூட்டபிள்" என்று போட்டிருக்கிறார்கள். "மதியச் சாப்பாட்டுக்கு ஏற்றதல்ல" என்று எழுதலாமா, இல்லை "வேண்டாம்" என்று நேராகவே சொல்லிவிடலாமா?

*

ராத்திரிட்யூட்டி எழுதியது:

"வேண்டாம்" என்றே எழுதுங்கள் அக்கா, கூடவே என்ன கொடுத்து அனுப்பலாம் என்றும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம் என்று. காலையில் ஷிப்டுக்குப் போகும் அம்மாக்களுக்கு அதுதான் உதவும்.